ஆறு கதவுக்கு ஒரே எண்

முப்பத்தொரு வருடமாகச் சரக்குப் படகு ஓட்டுகிற ஒருவன் பாலத்தடியில் படகைச் செருகிக்கொண்டு மாட்டிக்கொண்டால் அதை வெளியே சொல்ல மாட்டான். நான் சொல்லிவிடுகிறேன். மறைத்தும் பலனில்லை. அன்று காலை காஸ்தெல்லோ பேட்டையில் பாதிப் பேர் சன்னலில் நின்று பார்த்துவிட்டார்கள்.

நவம்பர் மாதம். விடிவதற்கு முன்பே வெள்ளச் சங்கு ஊதிவிட்டது. சங்கு ஊதினால் கடல் ஊருக்குள் ஏறும், கால்வாய் உயரும், படகும் கூடவே உயரும், பாலம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். எங்கள் ஊரில் பல் முளைக்காத பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் படகில் நாற்பது பெட்டி தண்ணீர் பாட்டில் இருந்தது. வெள்ளத்தில் மிதக்கிற ஊருக்குத் தண்ணீர் விற்கிற பிழைப்பு எங்களுடையது. கூட்டாளி ஒலிந்தோ நான்கு மாதமாகப் படுக்கையில். அவன் படகின் முன்னே நின்றிருந்தால், "ஏ பெர்த்தோ, உன் மண்டை போனாப் பரவால்ல, பாட்டில் போயிடும், நிறுத்து" என்றிருப்பான். சொல்ல ஆளில்லை. சான் மார்த்தின் பாலத்தடியில் நுழைந்தேன். மேல் வரிசைப் பெட்டிகள் பாலத்துக் கல்லில் நச்சென்று உட்கார்ந்தன. அப்புறம் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

நான் பெட்டிகளின்மேல் மல்லாந்து படுத்து, இரண்டு காலாலும் பாலத்தை உதைத்துக்கொண்டிருந்தபோது தலைக்குமேல் சக்கரப் பெட்டி ஒன்று படிப்படியாக ஏறி வருகிற சத்தம் கேட்டது. கைப்பிடிச் சுவருக்கு மேலே ஒரு பெண்ணின் முகம் எட்டிப் பார்த்தது. முப்பத்தைந்து வயதிருக்கும். பச்சைக் கோட்டு. காலில் மலையேறுகிறவர்களின் கனத்த பூட்ஸ்.

"ஏங்க, உங்களுக்கு ஏதாவது உதவி வேணுமா?" என்றாள்.

"வேணாங்க, தினமும் இப்படித்தான் படுப்பேன்."

அவள் சிரிக்கவில்லை. ஒரு துண்டுத்தாளை என் முகத்துக்கு நேரே தொங்கவிட்டாள். "இந்த வீடு எங்க இருக்குன்னு சொல்ல முடியுமா?"

தாளில் 1417 என்று மட்டும் இருந்தது.

"எந்தப் பேட்டை?"

"பேட்டையா? வெனிஸ்தான்."

"வெனிஸ் சரி. அதுல ஆறு பேட்டை. தெருவுக்குத் தெரு நம்பர் கிடையாது இங்க, பேட்டைக்கு ஒண்ணுல ஆரம்பிச்சு ஆயிரக்கணக்குல போகும். ஆறு பேட்டையிலயும் இந்த நம்பர் இருக்கும். யார் வீடு அது?"

கொஞ்சம் தயங்கினாள். "தெரிஞ்சவங்க வீடு."

பக்கத்து மாடிச் சன்னலிலிருந்து ஒருத்தி, "பெர்த்தோ, பாலத்தைத் தூக்கிடாதடா, சாயங்காலம் எனக்கு வேணும்" என்று கத்தினாள். எனக்கு எரிச்சல். வெளியூர்க்காரி, பெட்டி, தெரிந்தவர் வீடு என்றால் சான் மார்க்கோவில் யாரோ வாடகைக்கு விட்ட அறையாகத்தான் இருக்கும் என்று நானே தீர்ப்பு எழுதினேன்.

"சான் மார்க்கோ. நேராப் போங்க. நேராவே போங்க. அப்புறம் கேளுங்க."

எங்கள் ஊரில் நேராகப் போகிற தெரு ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் வழி கேட்கிறவருக்கு நாங்கள் சொல்வது இதைத்தான். என் அப்பா சொன்னார், அவர் அப்பாவும் சொல்லியிருப்பார். பொய் சொல்கிற எண்ணமில்லை. வாய் தானாகச் சொல்லிவிடும்.

நன்றி சொல்லிவிட்டுப் போனாள். பெட்டிச் சத்தம் வெள்ளத்துக்குப் போட்ட பலகைப் பாதையில் தடதடத்துத் தேய்ந்தது. மதியம் இரண்டு மணிக்குத் தண்ணீர் இறங்கியது, படகும் தானாக வந்தது. எட்டுப் பாட்டில் போயிற்று. மண்டை தப்பியது.

*

கடைசிப் பெட்டியை இறக்கிவிட்டு ஒலிந்தோவின் வீட்டுப் படி ஏறும்போது ஆறே கால். சோளமாவுக் களி கிளறுகிற வாசனை படியிலேயே அடித்தது. அவன் தங்கை ஜெம்மா அடுப்பின்முன் நின்று கட்டையால் கிளறிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடச் சமையற்கட்டில் இருபது வருடம் கிளறிய கை. சன்னல் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன.

"போயிட்டான்" என்றாள், திரும்பாமல்.

"எப்ப?"

"ஆறு மணிக்கு. கோயில் மணி அடிச்சப்ப."

"நீ களி கிளறுற?"

"பாதியில விட்டா அடிப்பிடிச்சிடும். கண்ணை மூடிவிட்டுட்டுத் திரும்ப வந்தேன்."

உள்ளே போய்ப் பார்த்தேன். காலையிலேயே சவரம் செய்து, தலை வாரி, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுவிட்டிருந்தாள். முன்னால் நின்று என்னைத் திட்ட இனி ஆள் வர மாட்டான் என்பது அப்போதுதான் உறைத்தது. அவன் சட்டைக் காலரை நேராக்கிவிட்டேன்.

சமையற்கட்டுக்கு வந்தேன். ஜெம்மா களியைப் பலகையில் கொட்டி, நூலால் அறுத்து, என்முன் ஒரு துண்டு வைத்தாள். வெங்காயமும் புளிக்காடியும் போட்டு ஊறிய மத்தி மீனும் வைத்தாள். அவள் தட்டில் ஒன்றுமில்லை.

"அந்தப் பொண்ணுக்கும் எழுதியிருந்தேன்" என்றாள்.

"எந்தப் பொண்ணு?"

"மலையில இருக்காளே. அவன் பொண்ணு."

ஒலிந்தோ பட்டாளத்தில் இருந்தபோது மலையூரில் ஒருத்தியோடு பழகியதும், ஒரு பெண் பிறந்ததும், தாய்க்காரி இவனைப் படியேற விடாததும் எனக்குத் தெரியும். வருடத்துக்கு ஒருமுறை, குடித்தால் மட்டும் சொல்வான். நீவெஸ் என்று பெயர். தாய் போன வருடம் செத்துப்போனாள். அதற்கப்புறம்தான் இவன் எழுதச் சொல்லியிருக்கிறான்.

"நேத்தே கிடைச்சிருக்கும். இன்னிக்கு வர்றதா தந்தி வந்துச்சு."

கையிலிருந்த மீனைத் தட்டில் வைத்தேன். "வீட்டு அடையாளம் எழுதினியா?"

"எழுதாம? நம்பர் எழுதினேன்."

"என்ன நம்பர்?"

"ஆயிரத்து நானூத்திப் பதினேழு. முப்பது வருஷமா வந்து திங்கிற, நம்பர் தெரியாதா?"

தெரியாது. எங்களில் யாருக்கும் யார் வீட்டு எண்ணும் தெரியாது. தச்சனுக்கு மேல் மாடி, கிணற்றுக்கு அப்புறம் மூன்றாவது கதவு, பூனைக்காரி வீட்டுக்கு எதிரே என்று போவோம். எண் தபால்காரனுக்கு.

"பேட்டை பேர் எழுதினியா ஜெம்மா?"

"அது எதுக்கு? நாம என்ன சான் போலோவிலயா இருக்கோம்?"

தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். கதவுக்கு மேலே வெள்ளைப் பூச்சில் கறுப்பாக இருந்தது, 1417. முப்பது வருடமாக அது அங்கேதான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். காலையில் அவள் நின்ற பாலத்திலிருந்து இந்தக் கதவுக்குப் பத்து நிமிடம்.

திரும்ப ஏறினேன். "வரவே இல்லையா அவ?"

"யார் வருவா இந்த வெள்ளத்துல?" என்றாள் ஜெம்மா, பலகையைக் கழுவியபடி.

நான் செய்ததைச் சொல்லியிருக்கலாம். "ஆமா, வெள்ளம்தான்" என்றேன்.

*

அன்று இரவு படுத்தால், சக்கரப் பெட்டி பாலம் ஏறுகிறது. எழுந்து சன்னலைத் திறந்தால் மூடுபனிதான். மறுநாள் காலை படகைக் கட்டிப்போட்டுவிட்டு நடந்து கிளம்பினேன்.

படகுக்காரன் தரையில் நடப்பதைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர் எனக்குக் கால்வாய் வழியாக மட்டும்தான் தெரியும். எந்தக் கடையின் பின்கதவும் தெரியும், முன்கதவு எந்தத் தெருவில் இருக்கிறதென்று தெரியாது. பனியில் ரியால்தோவுக்குப் பின்னால் ஒரே மாதா சிலையை மூன்று முறை கும்பிட்டேன். நான்காம் முறை மாதாவே அலுத்துப்போயிருப்பாள் என்று, மீன் விற்கிற ஒருத்தியிடம் வழி கேட்டேன்.

"நேராப் போங்க" என்றாள். பிறகு இரக்கப்பட்டு, "எந்த ஊரு நீங்க?" என்றாள்.

"காஸ்தெல்லோ."

"அம்மாடி, அவ்வளவு தூரத்துலேர்ந்தா!"

சான் மார்க்கோவின் 1417 ஒரு கையுறைக் கடை. கடைக்காரன் நேற்று வந்தவளை நினைவு வைத்திருந்தான். "நல்ல மரியாதையான பொண்ணு. கோட்டு நுனியெல்லாம் நனைஞ்சிருந்துச்சு. 'எந்த மடையன் இங்க அனுப்பினான்'னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"'மடையன் இல்ல, பாவம், அவரே மாட்டிக்கிட்டிருந்தார்'னா."

அந்த ஆள் நான்தான் என்று நான் சொல்லவில்லை. ஆறு பேட்டையின் பெயரையும் அவள் தாளில் தானே எழுதிக்கொடுத்ததாகச் சொன்னான். "கான்னரேஜோதான் பெரிசு, அங்க போங்கன்னேன்." அதைவிடப் பெரியது காஸ்தெல்லோ. அவன் அந்தப் பக்கம் போனதே இல்லையாம்.

கான்னரேஜோவில் அந்த எண்ணுக்கு உள்ளே பல் வைத்தியர். உதவிப் பெண் சொன்னாள்: "ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாங்க. முழங்கால் வரைக்கும் ஈரம். பேர் கூப்பிடுற வரைக்கும் யாரும் கவனிக்கல. 'எந்தப் பல்லு'ன்னு டாக்டர் கேட்டாரு. 'எங்கப்பாவுக்கு உடம்பு சரியில்ல'ன்னாங்க."

தோர்சோதூரோவில் மாணவர்கள் தங்கும் வீடு. அங்கே வந்தபோது பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாளாம், பூட்ஸ் கையில். குடிக்கச் சூடாக ஏதாவது கொடுத்தீர்களா என்றேன். ஒருவன் இன்னொருவனைப் பார்த்தான். சான் போலோவில் கதவு பூட்டியிருந்தது. கோடையில் மட்டும் வருகிற யாரோ வெளிநாட்டுக்காரர் வீடு. மணியை அழுத்தினேன், காலி வீட்டுக்குள் அது மாடி மாடியாக அடித்து ஓய்ந்தது. வாசற்படி இடுக்கில் கறுப்பாக ஒன்று. குனிந்து எடுத்தேன். பெட்டியின் சக்கரம்.

கதவுக்குக் கதவு அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே போனாள். அடுத்த கதவில் என்ன மிச்சம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

சாந்தா குரோச்சேயின் 1417, நாற்காலிகளுக்கு மெத்தை தைக்கிற பட்டறை. கதவைத் திறந்தவள் வாய் நிறையச் சிற்றாணி வைத்திருந்தாள். எல்தா என்று பெயர், அறுபது வயது, ஆண் குரல். ஆணிகளை உள்ளங்கையில் துப்பினாள்.

"நாற்காலியா, சோபாவா?"

"ஒரு பொண்ணு. பச்சைக் கோட்டு."

எல்தா ஒதுங்கி வழி விட்டாள். உள்ளே, அடுப்போரம், யாருடைய பாவாடையையோ உடுத்திக்கொண்டு, ஒரு நாற்காலியின் வயிற்றில் குதிரை முடி திணித்துக்கொண்டிருந்தாள் நீவெஸ். மூக்குக்கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவளாம், சும்மா உட்காரத் தெரியவில்லையாம்.

நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க பாலத்துக்கு அடியில படுத்திருந்தவர்."

"இவனா அது?" என்று எல்தா உரக்கச் சிரித்தாள். "நேத்து ராத்திரி பூரா உன் கதைதான்யா. பத்து வருஷத்துல இவ்வளவு சிரிச்சதில்ல நான்."

நான் சக்கரத்தை மேசைமேல் வைத்தேன். என் பெயரையும், ஒலிந்தோவோடு எத்தனை வருடம் படகு ஓட்டினேன் என்பதையும் சொன்னேன். நீவெஸ் கையிலிருந்த முடியைக் கீழே வைத்தாள். எல்தாவின் சிரிப்பும் நின்றது.

"எப்படி இருக்கார்?"

வழி கேட்டவளுக்கு இரண்டாம் முறையும் மழுப்ப முடியாது. "நேத்து போயிட்டான்மா."

"எத்தனை மணிக்கு?"

"ஆறு."

"நான் நாலரைக்கு மணி அடிச்சேனே."

"எங்க?"

"காஸ்தெல்லோவுல. இவங்கதான் கடைசியா அதுதான் பாக்கின்னு படகு பஸ்ல ஏத்திவிட்டாங்க. வீட்டைக் கண்டுபிடிச்சேன். கீழ தச்சுப் பட்டறை. மணி அடிச்சேன். நான் பேர் சொல்றதுக்குள்ள மாடிச் சன்னல்லேர்ந்து ஒரு அம்மா, 'இங்க இல்ல, நேராப் போங்க'ன்னாங்க. நேராப் போனேன். கரை முடிஞ்சு தண்ணிதான் இருந்துச்சு. திரும்பி வந்து இன்னொரு தடவை அடிச்சேன். சன்னலெல்லாம் சாத்தியிருந்துச்சு. சரி, ஆறாவதும் இல்ல, அப்பா நம்பரையே தப்பாச் சொல்லியிருப்பார்னு நெனச்சேன். எனக்கு இந்த ஊர்ல தெரிஞ்ச ஒரே கதவு இதுதான். இங்க வந்துட்டேன்."

எல்தா அவள் தோளில் கை வைத்தாள். "உக்காந்து அழு பொண்ணே. நாற்காலி நெறையக் கெடக்கு."

அவள் அழவில்லை. "நாலரைக்கு அவர் முழிச்சிருந்தாரா?" என்றாள் என்னிடம்.

"தெரியலம்மா" என்றேன். அது உண்மை. ஆனால் மேல்மாடிச் சன்னல் யாருடையது என்பது எனக்குத் தெரியும்.

*

மாலையில் அவளைப் படகில் கூட்டிப்போனேன். தண்ணீர்ப் பெட்டிமேல் பழைய கோணியை விரித்து உட்கார வைத்தேன். பனியில் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் "ஓய்" என்று குரல் கொடுத்துக்கொண்டு போனேன். ஒரு பாலத்தடியில் அவள் தலையைக் குனிந்தாள்.

"இங்கதான?"

"இங்கதான்."

"நான் நின்ன எடத்துலேர்ந்து வீடு எவ்வளவு தூரம்?"

"பத்து நிமிஷம்" என்றேன். அவள் அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. என் கூட்டாளியும் அப்படித்தான், திட்டவேண்டிய இடத்தில் திட்டாமல் சாகடிப்பான்.

ஜெம்மா படி உச்சியில் விளக்கோடு நின்றாள். "வா, மேல வா, பாத்து வா, படி வழுக்கும்" என்றாள்.

நீவெஸ் நான்காவது படியில் நின்றுவிட்டாள். கைப்பிடிக் கயிற்றைப் பிடித்தபடி, தலையை நிமிர்த்தாமல், அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு ஏறினாள். ஜெம்மா அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள், "எலும்பா இருக்கியே" என்றாள், கோழிச் சாறு சூடு பண்ணினாள். உள்ளறையில் நாற்காலியை எடுத்துப் போட்டாள். நீவெஸ் ராத்திரி முழுவதும் அங்கேயே உட்கார்ந்திருந்தாளாம். சமையற்கட்டில் ஜெம்மா.

அன்று கிளம்புவதற்கு முன் நான் ஜெம்மாவைத் தனியாகக் கேட்டேன். "நேத்து யாராவது மணி அடிச்சாங்களா?"

"நாள் முழுக்க அடிக்கிறாங்க. வழி தெரியாத ஜனங்க."

"நாலரைக்கு?"

"கடிகாரத்தப் பாத்துக்கிட்டா நின்னேன்? சாறு குடி, ஆறிடும்."

அங்கிருந்து போய் இதைச் சொன்னபோது மதுக்கடைக்காரன் தூலியோ, சின்னக் கிளாஸில் வெள்ளை ஒயினை ஊற்றிக்கொண்டே, "பொம்பளைய ரெண்டு தடவை கேட்டவன் நம்ம பேட்டையில உயிரோட இல்ல கிழவா" என்றான். அதுவும் பதிலில்லை.

வியாழக்கிழமை அடக்கம். சவப்பெட்டி ஏற்றிய கறுப்புப் படகு முன்னே போக, என் சரக்குப் படகில் நாங்கள் மூவரும் கல்லறைத் தீவுக்குப் போனோம். மண்ணைத் தள்ளி முடித்ததும், நீவெஸ் மூன்று மணி ரயிலுக்குக் கிளம்பினாள். தொழிற்சாலையில் மூன்று நாள்தான் விடுப்பு. அவளைத் தீவின் படகுத்துறையில் தனியாகப் பிடித்துக் கேட்டேன்.

"அன்னிக்கு மேலேர்ந்து பேசினது அதே குரலாம்மா?"

அவள் ஒரு சக்கரம் கழன்ற பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டாள். "தண்ணி பக்கத்துல எல்லாக் குரலும் ஒண்ணு மாதிரிதாங்க கேக்குது."

இரண்டே நாளில் எங்கள் ஊர்க்காரி ஆகிவிட்டாள். ஜெம்மா அவளுக்கு ஒலிந்தோவின் கைக்கடிகாரத்தைக் கொடுத்தாள். இருவரும் கன்னத்தில் முத்தமிட்டுக்கொண்டார்கள். படகு பஸ் பனிக்குள் போனது.

திரும்பும்போது ஜெம்மாவும் நானும் மட்டும். அவள் படகின் முன்பக்கத்தில், ஒலிந்தோ நிற்கிற இடத்தில், ஒரு காலிப் பெட்டியின்மேல் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். தீவுக்கும் ஊருக்கும் நடுவே இயந்திரத்தை அணைத்தேன்.

"ஏன் நிறுத்தின?"

"ஜெம்மா, நான்தான் அவள சான் மார்க்கோவுக்கு அனுப்பினேன். செவ்வாக்கிழமை காலையில. பாலத்துல நின்னு எங்கிட்டத்தான் கேட்டா."

"தெரியும். அவ சொன்னா."

"அப்ப நீயும் சொல்லு. நாலரைக்கு வந்தது அவதான்னு உனக்குத் தெரியுமா?"

படகின் பக்கத்தில் தண்ணீர் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. இந்த முறையும் வெள்ளம், சாறு, ஜனங்கள் என்று ஏதாவது வரும் என்று காத்திருந்தேன்.

"மொத தடவை தெரியாது" என்றாள். "வாய் தானாச் சொல்லிடுச்சு. நேராப் போங்கன்னு. சொன்னப்புறம்தான் அவ நிமிந்து பாத்தா. ஒலிந்தோவோட நெத்தி, அப்படியே. கூப்பிட்டிருக்கலாம். அந்தப் பக்கம் தண்ணிதான், எப்படியும் அவ திரும்பி வருவான்னு நின்னேன். திரும்பி வர்றதப் பாத்தேன். பாத்துட்டுத்தான் சன்னலச் சாத்தினேன்."

"ஏன் ஜெம்மா? கடுதாசி எழுதினதே நீதான."

"அவன் கேட்டான், எழுதினேன். நாலு மாசம் மூத்திரம் அள்ளினது நான், பெர்த்தோ. துணி மாத்தும்போதெல்லாம் என்னை நீவெஸ்ஸுன்னு கூப்பிட்டான். பாத்தே இராத பொண்ணு பேரச் சொல்லி. கடைசி ஒரு நாள் எனக்கு மட்டும் இருக்கட்டும்னு தோணிடுச்சு. ஒரு நாள்தான்னு நெனச்சேன். ஆறு மணிக்கே முடிஞ்சிடும்னு எனக்கு என்ன தெரியும்?"

நான் கேட்க வேண்டாம் என்று நினைத்ததைக் கேட்டேன். "அவன் முழிச்சிருந்தானா?"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டாவது தடவை மணி அடிச்சப்ப கண்ணத் தொறந்தான். 'யாரு'ன்னான். 'யாரோ வழி தெரியாதவங்க'ன்னேன். 'பாவம், எறங்கிப் போய்ச் சரியாக் காட்டிட்டு வா'ன்னான். அதுக்கப்புறம் அவன் பேசல. நான் எறங்கல."